பானட்டைத் திறங்கள்

தமிழ்ச் சிறுகதைகளில் வண்டி நடுவழியில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். கதைசொல்லி கீழே இறங்குவார். ஒரு சிகரெட் பற்றவைப்பார். நிலா இருக்கும்; இல்லையென்றால் தூரத்தில் நாய் குரைக்கும். பழைய காதலி ஞாபகத்துக்கு வருவாள், அல்லது செத்துப்போன அப்பா. இருபது நிமிடம் கழித்து ‘கிளீனர் பையன்’ எதையோ தட்டுவான், வண்டி கிளம்பிவிடும். அந்தப் பையன் எதைத் தட்டினான், ஏன் தட்டினான், என்ன பழுது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் படித்தவரையில் பானட்டுக்குள் எட்டிப்பார்த்த கதைசொல்லிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இது கதைகளோடு நிற்கிற விஷயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அப்படி இல்லை.

என்னிடம் 2004-ஆம் வருடத்து டாடா 207 டி.ஐ. பிக்கப் ஒன்று இருக்கிறது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்திலிருந்து தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றுகிற வண்டி. அதன் பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், நானே செய்கிறேன். இதைச் சொன்னால் இலக்கிய நண்பர்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, “செம பாஸ், ஒரு தியானம் மாதிரி இருக்கும்ல?” இன்னொன்று, “எதுக்கு இந்த வேண்டாத வேலை? எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துர வேண்டியதுதானே?” முதல் பதில் மரியாதையாகவும் இரண்டாவது அலட்சியமாகவும் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பதில்தான். இரண்டு பேருக்குமே வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் அக்கறை கிடையாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேரோடும் போடுகிற சண்டை.

முதலில் தியானக் கட்சி. 1974-இல் ராபர்ட் பிர்சிக் எழுதிய ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூடப் பேர் சொல்லிவிடுவார்கள். நம் ஆட்கள் அந்தத் தலைப்பில் ஜென்னை எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் ஒரு நண்பருடைய விலை உயர்ந்த வண்டியின் ஹேண்டில்பார் லூசாக இருக்கும். காலி பியர் டின்னிலிருந்து ஒரு துண்டுத் தகட்டை வெட்டி இடுக்கில் வைத்தால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி சொல்வார். நண்பருக்கு அது அவமானமாகப் படும். தகடு தகடாகத் தெரியாமல் குப்பையாகத் தெரிகிறது. அந்த நண்பர்தான் நம் தியானக் கட்சிக்காரர்.

வண்டி வேலை தியானம் கிடையாதுங்க. டீசல் கையில் பட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் வாசம் சோற்றில் வரும். துருப்பிடித்த போல்ட் அறுந்தால் வாயில் வருகிற வார்த்தைகளை இந்த இதழ் அச்சிடாது. ஆனால் அது யோசனை. சுத்தமான, ஏமாற்ற முடியாத யோசனை. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

டீசல் தீர்ந்து நின்ற பழைய வண்டியில் மறுபடி டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது. ஏன்? லைனுக்குள் காற்று புகுந்திருக்கும். டீசலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பம்ப் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். இன்ஜெக்டர் திறக்கிற அளவுக்கு அழுத்தம் வந்து சேராது. ஃபில்டர் தலையில் ஒரு சின்ன ஏர் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி நின்று வெறும் டீசல் வழியும்போது ஸ்குரூவை இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்தால் எஞ்சின் இருமிக்கொண்டே எழுந்துவிடும். இதற்கு வேண்டியது ஒரு ஸ்பேனரும் ஒரு கேள்வியும். ‘காற்று எங்கே இருக்கிறது?’ என்கிற கேள்வி.

என் வண்டியின் எஞ்சினுக்கு 497 என்று பேர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 100 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், 2,956 சி.சி. வரும். பிளஸ் டூவில் நான் மனப்பாடம் செய்த கணக்கெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தபோதுதான். நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மாறிக்கொள்கிற நேரத்தில் முதலாவது சிலிண்டரின் வால்வுகள் முழுக்க மூடியிருக்கும். அப்போதுதான் ஃபீலர் கேஜைச் செருகி இடைவெளி பார்க்க வேண்டும். ஏன் நான்கைப் பார்த்து ஒன்றைச் சரிசெய்கிறோம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேவைப்பட்டது. ஒரு நல்ல கவிதைக்கு அதைவிடக் குறைவான நேரத்தை ஒதுக்குகிற ஆட்கள் நாம்.

புகையையும் வாசிக்கலாம். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்க வேண்டும். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். வெள்ளையாக வந்து நிற்காமல் போனால் எரியாத டீசல், இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்கலாம். குறியீடு, படிமம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிற தலைமுறை, தன் வீட்டு வண்டியின் வாலில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் இருப்பது எனக்கு வேடிக்கையாக இல்லை.

இரண்டாவது கட்சி எக்ஸ்சேஞ்ச் கட்சி. இவர்களோடு சண்டை கொஞ்சம் பெரியது. ஏனென்றால் இவர்களுக்குப் பின்னால் கம்பெனிகள் நிற்கின்றன.

நண்பர் ஒருவர் புது பிக்கப் எடுத்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஏழாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்றது. தக்காளி லோடோடு ஓரங்கட்டினார். பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். “அண்ணா, ஸ்கேனர் இல்லாம இதத் தொடவே முடியாதுங்ணா. அந்த ஸ்கேனரையும் கம்பெனிக்காரன்தான் வச்சிருப்பான்.” வண்டி கட்டி இழுக்கப்பட்டு ஷோரூம் போனது. மூன்று நாள் கழித்துச் சொன்னார்கள்: எலி ஒரு வயரைக் கடித்திருக்கிறது, வயரிங் செட்டையே மாற்ற வேண்டும். கடித்த இடம் ஒன்று, வயர் ஒன்று. ஒட்டுப்போட்டு டேப் சுற்றித் தர முடியாதா என்று கேட்டால், “அப்படிப் பண்ணா வாரண்டி போயிடும் சார்.” தக்காளி என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது ஒருத்தருடைய தலைவிதி இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? உதிரிப் பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளிச்சந்தையில், தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு விஷயத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டது: நம் மெக்கானிக்குக்குத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பல சமயங்களில், அவருக்குத் தெரியவிடாமல் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே இதற்குச் சட்டம் போட்டது. இங்கே 2022-இல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இணையதளம் நல்லதுதான். அதை வைத்து ஸ்கேனர் பூட்டைத் திறக்க முடியாது.

பணம் கட்டி வாங்கின பொருளின் மூடியைத் திறக்க விற்றவனிடம் அனுமதி கேட்க வேண்டுமென்றால் அதற்குத் தமிழில் குத்தகை என்று பேர். ஆர்.சி.யில் உங்கள் பேர் இருக்கும். அதிகாரம் வேறு யாரிடமோ இருக்கும். எக்ஸ்சேஞ்ச் கட்சிக்காரர் ‘அப்டேட் ஆகுங்க’ என்று சொல்லும்போது, குத்தகைக்காரனாக ஆகு என்றுதான் என் காதில் விழுகிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. “உங்க பழைய வண்டி விடுற புகையை யாரு குடிக்கிறது?” 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 எஞ்சின்கள் என் எஞ்சினைவிட மிகச் சுத்தமானவை. இதில் வாதமே இல்லை. டெல்லி மாதிரி மூச்சு முட்டுகிற ஊரில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்று பேசுவதன் பின்னால் இருக்கிற பயம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: வண்டியைப் பிறந்த தேதி பார்த்துத் தண்டிக்காதீர்கள், புகையைப் பார்த்துத் தண்டியுங்கள். அதற்கு அளவுகோல் ஏற்கனவே இருக்கிறது. என் வண்டி மாதிரிப் பழைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரம்பு. அதைக் கறாராக, சான்றிதழ் விற்காமல், உண்மையாகவே அளக்கட்டும். அளந்தால் இன்ஜெக்டர் சர்வீஸ் செய்த பழைய வண்டி தப்பிக்கும், கவனிக்காமல் விட்ட வண்டி மாட்டும். அதுதானே நியாயம்? அதை விட்டுவிட்டு 2022 ஏப்ரலில் 15 வருடக் காரின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 5,000 ரூபாய் கட்டினால் புகை குறையுமா? பணம் இருக்கிறவன் புகையோடு போவான், இல்லாதவன் பழைய இரும்புக் கடைக்குப் போவான். தவிர, ஒரு புது வண்டியை உருக்கி, வார்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவர எவ்வளவு நிலக்கரி எரிந்தது என்ற கணக்கை எந்த ஷோரூமும் சாவியோடு சேர்த்துக் கொடுப்பதில்லை.

அடுத்தது மாற்றியமைப்பது. நம் ஊரில் இது புது விஷயமே இல்லை. ஜி.டி. நாயுடு ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் பஸ் விட்டார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்குக் கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் இந்தியாவில் குறைவு. கம்பெனியிலிருந்து வெறும் சேஸியாக வந்த வண்டி என்னவாக ஆக வேண்டும் என்பதை முடிவு செய்தது நம் பட்டறைகள்தான். சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய பைக் எஞ்சினை மாட்டினவன் எந்த டிசைன் ஸ்கூலிலும் படிக்கவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் மேல் எனக்கு முழுக்கக் கோபம் இல்லை. அதற்குக் காரணமானவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ரீல்ஸ் பசங்கதான்.

ஆமாம், அவர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிற எல்.இ.டி. பார், கர்ப்பிணிப் பெண்ணைத் துள்ள வைக்கிற ஏர் ஹாரன், மோதினால் நடந்துபோகிறவன் எலும்பை நொறுக்குகிற முன்பக்க இரும்பு பம்பர். 2017-இல் மத்திய அரசு அந்த பம்பரைக் கழற்றச் சொன்னது சரியான உத்தரவு. இதற்கெல்லாம் மாடிஃபிகேஷன் என்று பேர் வைத்து, வேலை தெரிந்தவனையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள். லோடு அதிகம் ஏற்ற வேண்டுமென்று பின்னால் இரண்டு வில்பட்டை கூட்டிப் போடுகிறவர்களும் அதே ரகம்தான். பட்டை தாங்கும். பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழைய எடைக்குச் செய்தவை. இறக்கத்தில் அது புரியும்போது நேரம் இருக்காது.

நல்ல மாற்றம் எப்படி இருக்கும் என்று என் வண்டியிலிருந்தே சொல்கிறேன். பழைய வண்டிகளில் ஹெட்லைட் மங்கலாக எரியும். உடனே எல்லோரும் பெரிய வாட்ஸ் பல்ப் வாங்கி மாட்டுவார்கள். வயர் சூடாகி ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவன் திட்டுவான். பிரச்சினை பல்பில் இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் ஸ்விட்ச் வரை சுற்றிக்கொண்டு, இருபது வருடப் பழைய மெல்லிய வயர் வழியாக பல்புக்குப் போகிறது. வழியிலேயே வோல்ட்டேஜ் விழுகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அந்த மாதிரி பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். நான் செய்தது இவ்வளவுதான்: இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர். பழைய ஸ்விட்ச் இப்போது ரிலேவுக்கு உத்தரவு மட்டும் கொடுக்கிறது. பல்ப் அதேதான், வாட்ஸ் அதேதான். ராத்திரி பள்ளம் தெரிகிறது. யார் கண்ணும் கூசவில்லை. ஆர்.சி.யில் ஒரு எழுத்து மாறவில்லை. துருப்பிடித்து ஓட்டையான தொட்டித் தரைக்குப் புது இரும்புத் தகடு, வாழைத்தார் ஏற்றும்போது மட்டும் மாட்டிக் கழற்றுகிற மரச் சட்டம், கீழே ஒரு டூல் பாக்ஸ். ரீல்ஸில் போட்டால் ஒரு லைக் விழாது.

இந்த வித்தியாசத்தைச் சட்டம் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆபத்தான மாற்றத்தைப் பட்டியல் போட்டுத் தடை செய்யுங்கள். மற்றதுக்கு ஒரு ஆய்வு, ஒரு கட்டணம், ஒரு முத்திரை. நாமக்கல்லுக்குத் தெரிந்ததை வாசலில் வேலை செய்கிறவன் கற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கட்டும்.

கடைசியாக, எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம். வருடத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம் தெளித்துப் பொட்டு வைக்கிறோம். மீதி நாளெல்லாம் அதைத் தொடுகிறவனைப் ‘பையன்’ என்று கூப்பிடுகிறோம். அவனுக்கு நாற்பது வயதாகி, பெண்ணைக் கட்டிக்கொடுத்திருப்பான். இன்னும் பையன். கருவி கும்பிடத்தக்கது, கை கும்பிடத்தக்கதில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படித்தவன் கையில் கிரீஸ் படக்கூடாது என்கிற எண்ணத்துக்கு வயது கார்களைவிட ரொம்ப அதிகம். அது ஷோரூமின் ஏ.சி. அறையிலும் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது: வாடிக்கையாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வேலை செய்கிறவர் அந்தப் பக்கம்.

“அப்ப மெக்கானிக் பொழப்பைக் கெடுக்கறீங்களா?” என்றும் கேட்பார்கள். இல்லைங்க. பம்ப் காலிபரேஷனுக்கும் ஹெட் ஃபேஸிங்குக்கும் பிரேக் வேலைக்கும் நான் அவரிடம்தான் போகிறேன். அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர், நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். என்ன வேலை, எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே கை நுழையாது என்று தெரிந்தபிறகு அவர் கேட்கிற கூலியில் நான் பேரம் பேசியதில்லை. சொந்தக் கையால் ஒரு கிளட்ச் பிளேட்டைக் கழற்றியவன் எவனும் பேரம் பேசமாட்டான். ஒன்றும் தெரியாதவன்தான் “அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா?” என்று கேட்பான்.

வண்டி இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் அறையில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அது கெபாசிட்டர். மெயினை அணைத்துவிட்டு, அதே அளவு எழுதியிருக்கிற இன்னொன்றை மாட்டினால் முடிந்தது. வண்டி இருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறங்கள். எஞ்சின் ஆறியிருக்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். கீழே படுப்பதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். புது வண்டி வாங்கப் போனால் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால், சர்வீஸ் மேனுவல் தருவீர்களா, ஸ்கேனரை வெளி மெக்கானிக்குக்கு விற்பீர்களா என்று கேளுங்கள். சேல்ஸ்மேன் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் மேனேஜரிடம் சொல்வார், நூறு பேர் கேட்டால் மேனேஜர் மேலே எழுதுவார்.

அப்புறம், எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அடுத்த கதையில் வண்டி நின்றால் எதனால் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் கேளுங்கள். கேட்கும்போது அண்ணா என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.